ஏழாவது தட்டம்

சனிக்கிழமை முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த நிமிடத்தில்தான் நான் காரின் மணிக்கூட்டைப் பார்த்து, "பன்னிரண்டுக்குத்தானே வரச் சொன்னவை, ஆறுதலாப் போகலாம், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று வாய்விட்டுச் சொன்னேன். (நான் வாய்விட்டுப் "பிரச்சினை இல்லை" என்று சொன்ன எந்த நாளும் நல்லபடி முடிந்ததில்லை. என் மனைவி வதனி இதற்குச் சாட்சி.) அடுத்த கணம் பின்கண்ணாடியில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழன்றன.

காரில் நாங்கள் நான்கு பேர். ஓட்டியது நான். பக்கத்தில் பட்டு வேட்டியும் குளிர் கோட்டுமாக அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். ஊரில் கச்சேரியில் (அரசாங்க அலுவலகத்தை அங்கே அப்படித்தான் சொல்வோம்) வேலை பார்த்தவர் என்பதால் எந்தக் காரியத்தையும் எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. நல்ல காரியங்களுக்கு அவர்தான் முன்னால் நடப்பார். பின் இருக்கையில் அக்காவும் வதனியும், இருவரும் கூறைச்சேலை அளவுக்குப் பாரமான சேலைகளில். அவர்களுக்கு நடுவிலும் மடியிலும் காலடியிலும் தட்டங்கள். எங்கள் ஒரே மகள் டிலானி கட்ட விரும்பிய மத்தியூ என்ற பொடியனின் வீட்டுக்கு, மொன்றியலில் இருந்து பாலம் கடந்து லொங்குய்யுக்கு, முதல் தடவையாகப் போய்க்கொண்டிருந்தோம்.

ஏழு தட்டங்களில் ஆறில் இருந்தவை உங்களுக்குத் தெரிந்தவைதான். தேங்காயும் மஞ்சளும் ஒன்றில், வாழைப்பழம் ஒன்றில், பயத்தம் பணியாரம் ஒன்றில், முறுக்கு ஒன்றில், கேக் ஒன்றில், மத்தியூவுக்கு வேட்டி சேட் ஒன்றில்.

ஏழாவதில், விரித்த வெற்றிலைக்கு மேல், ஐந்து துவக்குத் தோட்டாக்கள் இருந்தன.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மத்தியூவின் தாய் அவன் சின்னவனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். இரண்டு ஆண் பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவர் தகப்பன் ரேஜான். மூத்தவன் கலியாணம் முடித்து வேறு நகரத்துக்குப் போய்விட்டான். மத்தியூவுக்குத் தகப்பன்தான் உலகம். "அவர் ஓம் எண்டு சொன்னாக் காணும் அப்பா. அவர் முகத்தைச் சுளிச்சால் மத்தியூ உடைஞ்சுபோவான்" என்று டிலானி சொல்லியிருந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அவர் கதைக்கமாட்டார். என்னோடையே இதுவரைக்கும் 'போன்ஜூர்', 'சாப்பிடு', 'குளிர்' எண்டு மூண்டு சொல்லுத்தான் கதைச்சிருக்கிறார். வேட்டையைப் பற்றிக் கேட்டா மட்டும் வாய் திறப்பாராம்."

கதைக்காத சம்பந்தி! எங்கள் ஆட்களில் மாப்பிள்ளையின் தகப்பன் வாய் திறக்காமல் இருந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். எனக்கு நித்திரை போய்விட்டது. அவர் அடுத்த கிழமை மூஸ் வேட்டைக்குக் காட்டுக்குப் போகிறார் (மாட்டைவிட உயரமான, மரம் முளைத்த மாதிரிக் கொம்பு உள்ள மான் அது), போனால் எப்போது திரும்புவாரோ தெரியாது, அதற்கு முதல் இந்தச் சனிக்கிழமை ஒன்றுதான் இருந்தது.

"என்ன கொண்டு போறது?" என்று மகளைக் கேட்டேன்.

"ஒரு வைன் போத்தில் காணும் அப்பா. இஞ்ச எல்லாரும் அதுதான் கொண்டு போறவை."

"ஒரு போத்திலைக் கையில பிடிச்சுக்கொண்டு போய் நிக்கச் சொல்லுறியோ? பெண்ணைப் பெத்த நாங்கள்?"

"அப்பா, பிளீஸ். சாதாரணமா வாங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்."

சாதாரணமாக இருப்பது எனக்கு ஒருநாளும் வராது. நான் ஊரில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவன். மொன்றியலில் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசைப் போத்தல்களின் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மூடி பார்க்கிறவனுக்குள் வாத்தியார் செத்துப்போவதில்லை. ரேஜான் வேட்டையைப் பற்றிக் கதைப்பார் என்றால், நான் வேட்டையைப் படிப்பேன் என்று முடிவெடுத்தேன். அஹுன்ட்சிக்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் தோட்டாக்களைப் பற்றி இருந்த புத்தகங்கள் அத்தனையையும் எடுத்து, மேலே ஒரு சமையல் புத்தகத்தை வைத்து மறைத்துக்கொண்டு வந்தேன். (அந்த நாட்களில் ஒரு தமிழன் பஸ்ஸில் இருந்துகொண்டு துவக்குப் புத்தகம் வாசித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குப் பயம். பக்கத்தில் இருந்த கிழவி அதே புத்தகத்தை எட்டிப் பார்த்து, தன் மகன் போன வருசம் அடித்த மானின் படத்தைக் காட்டியது வேறு கதை.)

அதற்கு முதல் தோட்டாக்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லமாட்டேன். எங்கள் ஊர்க்காரர் எவருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் அவற்றை வருகிற பக்கத்தில் இருந்து அறிந்தவர்கள், அதுவும் காதால். போகிற பக்கத்தில் இருந்து படித்தபோதுதான் இது ஒரு அழகான பாடம் என்று விளங்கியது.

30-06 என்று ஒன்று உண்டு. முப்பது என்பது சன்னத்தின், அதாவது பறந்து போகிற குண்டின், பருமன், ஆறு என்பது அது பிறந்த ஆண்டு. நூறு வருசப் பழசு, இன்றைக்கும் மூஸ் வேட்டைக்காரரின் செல்லப்பிள்ளை. அதன் தம்பி 308, அதே பருமன் சன்னம், மருந்து அடைக்கிற பித்தளைக் கோது மட்டும் கட்டை. தோளில் கொஞ்சம் மெதுவாக உதைக்கும், பாரமான சன்னத்தில் மட்டும் அண்ணனுக்கு ஒரு படி பின்னால் நிற்கும். 270 என்பது அண்ணனின் கோதையே எடுத்துக் கழுத்தை ஒடுக்கியது. மெல்லிய சன்னம், கடும் வேகம், வெளியில் தூரத்தில் நிற்கிற மானுக்கு நல்லது. 303 எனக்குத் தெரிந்தவர். எங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்து வாசலில் சாத்தி வைத்திருந்த "திறீ நொட் திறீ" துவக்கின் தோட்டா இந்த நாட்டுக் காட்டிலும் மூஸ் அடிக்கிறது என்று வாசித்தபோது, ஊர்க்காரர் ஒருவரை மெட்ரோவில் கண்ட மாதிரி இருந்தது. கடைசியாக 30-30. முனை மழுங்கல். அந்தத் துவக்கின் குழலுக்குள் தோட்டாக்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் படுத்திருப்பதால், முனை கூராக இருந்தால் முன்னால் இருப்பவரின் பின்பக்கத்தில் குத்தி வெடித்துவிடுமாம். பழசு, வேகம் குறைவு, கிட்டத்தில் மட்டும் சரி. நான் அதற்குக் கடைசி இடம் கொடுத்தேன். நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி இரண்டால் பிரித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஒருநாள் இராச்சாப்பாட்டில் வதனி வைத்த முருங்கைக்காய்க் கறியில் இருந்து ஒரு துண்டை எடுத்து அடிமட்டத்தால் அளந்தேன்.

"இஞ்ச பார் வதனி, நீ வெட்டுறது எல்லாம் அச்சொட்டா 30-06இன்ர கோது நீளம்."

"என்னப்பா?"

"இந்த நுனித்துண்டு மட்டும் 308."

அவள் மிச்சக் கறியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

தட்டத்தில் வைக்கத் தோட்டா எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். வேட்டைக் கடைக்குப் போய், 30-06 ஒரு பெட்டி தாருங்கள், அன்பளிப்புக்கு, வடிவாகச் சுற்றித் தரமுடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் லைசென்ஸ் கேட்டார். கார் லைசென்ஸைக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு பக்கமும் பார்த்துத் திருப்பித் தந்து, துவக்கு லைசென்ஸ் இல்லாதவருக்குத் தோட்டா விற்க முடியாது என்றார். மகளின் கலியாணத்தில் தொடங்கி மூஸ் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மனுசன் இரங்கிவிட்டார். காட்சிக்கு வைத்திருந்த, மருந்து நிரப்பாத, பக்கத்தில் ஓட்டை போட்ட டம்மித் தோட்டாக்கள் ஐந்தை, நான் படித்த ஐந்து வகையிலும் ஒவ்வொன்று, எடுத்துத் தந்தார். இதற்கு லைசென்ஸ் வேண்டாம், ஆட்டுக்குட்டிகூட வாங்கலாம் என்றார்.

முதலில் அவற்றைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போய், சாப்பிட்டு முடிய மெதுவாக மேசையில் வைத்துக் கதையைத் தொடங்குவதுதான் என் திட்டம். ஆனால் சனிக்கிழமை காலை அத்தான் தட்டங்களை எண்ணினார். ஆறு.

"ஒற்றையா வர வேணும். இரட்டையா நல்ல காரியத்துக்குக் கொண்டு போறேல்லை" என்றார்.

வதனி கையைப் பிசைந்தாள். "சீனி வைப்பமே?"

"கேக் இருக்கேக்கை சீனி என்னத்துக்கு?" என்றாள் அக்கா.

நான் எழும்பினேன். அந்த நேரம் என் முகத்தில் இருந்த ஒளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னை அறைய வேண்டும் போல இருக்கிறது. வெற்றிலையை விரித்தேன். ஐந்து தோட்டாக்களையும் துடைத்து, முனைகள் வெளியே பார்க்க, பூ மாதிரி அடுக்கினேன். நடுவில் குங்குமச் சிமிழ். மேலே மற்றத் தட்டங்களுக்குப் போட்ட அதே ரோசாப்பூ நிறக் கண்ணாடித் தாள்.

"இதென்ன கோதாரி?" என்றாள் வதனி.

"அவருக்கு விருப்பமானதைக் கொண்டு போறதுதானே முறை?"

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தட்டங்களை இன்னொரு தடவை எண்ணினார். "எண்ணிக்கை சரி" என்றார். கச்சேரித் தீர்ப்பு. மேல்முறையீடு இல்லை.

இனி, பதினொன்று நாற்பது. பாலம் கடந்து லொங்குய்யின் ஒரு அமைதியான வீதியில், பின்னால் பொலிஸ் விளக்கு.

எனது பிரேக் விளக்கு ஒன்று எரியவில்லை. அவ்வளவுதான் விசயம். கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, பேசாமல் இருந்திருந்தால் போதும். இந்த நாட்டில் பொலிஸ் மறித்தால் காருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். லைசென்ஸ் எடுக்கும்போது படித்தேன்.

ஆனால் அத்தானின் குரல் மாறிவிட்டது. "தம்பி, நிப்பாட்டு. உள் லைட்டைப் போடு."

போட்டேன். பட்டப்பகலில்.

"ஐடென்டிக் காட்டைக் கையில எடுங்கோ. எல்லாரும் இறங்குங்கோ. சாமானை அவையவை தூக்குங்கோ."

இதை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் வாழ்ந்த இடத்தில் சோதனைச் சாவடி வந்தால் வாகனத்தில் இருந்து இறங்கி, அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தங்கள் பொதியைத் தாங்களே சுமந்து, வரிசையாக நடக்க வேண்டும். வாகனம் பேந்து பின்னால் வரும். எத்தனையோ வருசம் அப்படி நடந்த கால்கள். மூளையைக் கேட்காமலே நான்கு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன.

முன்னால் அத்தான், பட்டு வேட்டியில், தேங்காய்த் தட்டத்தோடு. அவர் பின்னால் அக்கா, வாழைப்பழத் தட்டத்தோடு. பிறகு வதனி, மடியில் இருந்ததைத் தூக்கிக்கொண்டு. கடைசியில் நான், லைசென்ஸைத் தலைக்கு மேல் பிடித்தபடி. மூன்று பேரின் வாயிலும் அடையாள அட்டைக்குப் பதிலாக அவரவர் படம் போட்ட மருத்துவ அட்டை, கையில் தட்டம் இருந்ததால். இப்படி ஒற்றை வரிசையாகப் பொலிஸ் காரை நோக்கி நடந்தோம்.

காரில் இருந்து இறங்கியது ஒரு இளம் பெண் பொலிஸ். எங்கள் டிலானி வயதுதான் இருக்கும். "அங்கேயே நில்லுங்கள்!" என்று பிரெஞ்சில் கத்தினாள். நின்றோம். நிற்பதிலும் எங்களுக்கு நல்ல பயிற்சி. அவள் வரிசையை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அது என்ன?" என்று மிகக் கிட்ட நின்ற தட்டத்தைக் காட்டிக் கேட்டாள்.

சாவடியில் கேட்டால் திறந்து காட்ட வேண்டும். வதனி கண்ணாடித் தாளை விலக்கினாள்.

அவள் கையில் இருந்தது ஏழாவது தட்டம் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

அந்தப் பொலிஸ் பிள்ளையின் கை இடுப்புக்குப் போனது. "கீழே வையுங்கள்! நிலத்தில்! கைகளை உயர்த்துங்கள்!"

நான் உயர்த்தினேன். அக்கா வாழைப்பழத்தோடு உயர்த்தினாள். அத்தான் தேங்காய்த் தட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். தூரத்தில் இருந்து பார்த்தால் அந்த வீதிக்கு ஏதோ சாமி வருகிறது என்று நினைத்திருப்பார்கள். வதனி மட்டும் அசையவில்லை.

"வதனி, நிலத்தில வையெண்டு சொல்லுறா!"

"நல்ல காரியத்துக்குக் கொண்டு போற தட்டத்தை றோட்டில வைக்கிறதோ? நீங்களும் ஒரு மனுசனே?"

சொன்னதோடு நிற்கவில்லை. கதைப்பதற்கு வாயில் இருந்து எடுத்த மருத்துவ அட்டையைச் சேலைத் தலைப்பில் செருகிக்கொண்டு நேராகப் போய், தட்டத்தைப் பொலிஸ் காரின் பொனட்டில் வைத்து, சாய்ந்திருந்த 270ஐயும் நேராக்கிவிட்டுத் திரும்பி வந்தாள். பொலிஸ் பிள்ளை தட்டத்துக்குக் கிட்ட வந்தாள்.

"இவை என்ன?" என்றாள் என்னைப் பார்த்து.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை நாளும் படித்திருந்தேன். கேட்டது வேறு ஆள், அவ்வளவுதான். பாடம் தானாக வெளியே வந்தது.

"மடம், இடப்பக்கத்தில் இருந்து தொடங்குகிறேன். இது 30-06. மூஸுக்கு உகந்தது. அடுத்தது 308. சன்னம் அதே பருமன், கோது கட்டை..."

"உங்களிடம் துவக்கு இருக்கிறதா?"

"ஒருநாளும் இல்லை மடம். நான் பௌதிக ஆசிரியர். இவை வெடிக்காது, ஓட்டை இருக்கிறது, பாருங்கள்."

அவள் ஒன்றை எடுத்துக் குலுக்கினாள். ஓட்டைக்குள் பார்த்தாள். இடுப்பில் இருந்த கை மெல்ல இறங்கியது. "யாருக்கு இவை?"

"என் மகள் கட்டப்போகும் பொடியனின் தகப்பனுக்கு. முதல் தடவையாக வீட்டுக்குப் போகிறோம்."

அவள் தட்டத்தைப் பார்த்தாள். வெற்றிலையில் சிந்தியிருந்த சிவப்புக் குங்குமத்தைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். மிகவும் மெதுவாக, இரக்கத்தோடு கேட்டாள்:

"அந்தப் பொடியன் என்ன செய்தவன்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதல் சந்திப்பில் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணின் தகப்பன் தோட்டா கொண்டுபோகிறான் என்றால், உலகத்தில் மிச்ச எல்லோரும் அதை எப்படி வாசிப்பார்கள் என்று. "இல்லை மடம், இல்லை! அன்பளிப்பு! அவர் வேட்டைக்காரர்! கதைக்கத் தொடங்குவதற்கு!" என்று கத்தினேன். அவளுக்குச் சிரிப்பு வந்ததை அவள் தொப்பியைச் சரிசெய்து மறைத்தாள்.

"என் அப்பாவும் மூஸுக்குப் போகிறவர். 308தான் பாவிக்கிறார். அது போதும் என்பார்" என்றாள்.

இங்கே ஒரு புத்தியுள்ள மனிதன் ஓம் என்று சொல்லியிருப்பான்.

"மரியாதையாகச் சொல்கிறேன் மடம், பாரமான சன்னத்துக்கு 30-06தான். கணக்குப் பார்த்தால்..."

"அவர் ஒன்றையும் தவறவிட்டதில்லை."

"மூஸ் கிட்ட நின்றிருக்கும்."

"தம்பி, வாயைப் பொத்து" என்றார் அத்தான், அட்டையைப் பல்லில் கடித்தபடி, தேங்காய்க்கு அடியில் இருந்து.

"கையைக் கீழே விடுங்கள் ஐயா" என்றாள் அவள். "இந்த மழுங்கல் முனை எதற்கு?"

"30-30. கிழவர்களின் தோட்டா, மடம். அடர்ந்த காட்டில் சின்ன மானுக்குச் சரி. அதை வைத்துக்கொண்டு மூஸுக்குப் போகிறவர் இருந்தால், அவருக்குப் பௌதிகம் தெரியாது."

அவள் பிரேக் விளக்கைத் திருத்தச் சொல்லி ஒரு துண்டு எழுதித் தந்தாள். சொன்ன கதை உண்மைதானா என்று பார்க்க மகளை அழைக்கச் சொன்னாள். மடிக்கும் கைத்தொலைபேசியைத் திறந்தேன். முன்னதாகவே மத்தியூ வீட்டுக்குப் போயிருந்த டிலானியின் எண்ணை அழுத்தினேன்.

"அப்பா, எங்க நிக்கிறீங்கள்? சூப் ஆறுது."

"பக்கத்திலதான் பிள்ளை. பொலிஸோட."

"ஏன்?"

"தோட்டா விசயமா."

"அப்பா! ஒரு வைன் போத்தில் காணும் எண்டு சொன்னனா இல்லையா?" அவள் அழத் தொடங்கிவிட்டாள். அந்த அழுகை என் காதுக்குள் இன்னும் இருக்கிறது. ஒரு தகப்பன் மகளுக்காகச் செய்த காரியத்தால் மகள் அழுவதைப் போல ஒன்று இல்லை. போச்சு, என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இதற்குப் பிறகு நடந்தவற்றை முதலே சொல்லிவிடுகிறேன். கலியாணம் நடந்தது. மாப்பிள்ளைத் தோழனுக்குப் பதிலாக மாப்பிள்ளையின் தகப்பனுக்கே அத்தான் தலைப்பாகை கட்டிவிட்டார். அந்தத் தட்டம் இன்றைக்கும் லொங்குய்யில் மூஸ் கொம்புக்குக் கீழே மாட்டியிருக்கிறது, தோட்டாக்கள் ஒட்டப்பட்டு, குங்குமச் சிமிழோடு. ஒவ்வொரு இலையுதிர்காலமும் ஒரு பொதி இறைச்சி எங்கள் வீட்டுக்கு வருகிறது. வதனி அதை முருங்கைக்காய் போட்டுக் கறி வைக்கிறாள். எனக்கோ, எங்கேயாவது அந்த விளக்கு சுழன்றால் கை தானாக மேலே போகிறது, அது அம்புலன்ஸாக இருந்தாலும். எங்கள் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்து எதை நீட்டினாலும், உள்ளே இருந்து ஒருவர் கட்டாயம் அன்றைக்கு ரேஜான் சொன்னதைச் சொல்லுவார். பேரப்பிள்ளைகள்கூடப் பிரெஞ்சிலேயே சொல்லுகிறார்கள்.

அன்றைக்கு வீதி முனையில் ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. முதலில் டிலானி குதித்தாள், கண் சிவந்துபோய். அவள் பின்னால் மத்தியூ. கடைசியில், செம்மஞ்சள் தொப்பியோடு ஒரு நெடிய மனிதர் இறங்கினார். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பொலிஸ் காரடிக்குப் போய்த் தட்டத்தின் முன்னால் நின்றார். அத்தானின் தேங்காய் தட்டத்துக்குள் மெல்ல உருண்டது.

"உங்களுக்குத் தெரிந்தவர்களா?" என்று பொலிஸ் பிள்ளை கேட்டாள்.

அவர் ஒவ்வொரு தோட்டாவாக எடுத்தார், திருப்பிப் பார்த்தார், அதே வெற்றிலையில் அதே பக்கம் பார்க்க வைத்தார். 30-30 வந்தபோது அதைக் கையில் கொஞ்சநேரம் வைத்திருந்தார்.

"என்னுடைய துவக்குக்கு இதுதான்" என்றார்.

பொலிஸ் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் நல்லவள், நான் பௌதிகத்தைப் பற்றிச் சொன்னதை யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு ரேஜான் தட்டத்தை இரண்டு கையாலும் தூக்கினார். ஒரு கையால் வாங்கக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் அவளிடம் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன்:

"இது எனக்குக் கொண்டு வந்தது. மூத்தவன்ர மாமனார் ஒரு வைன் போத்திலோடதான் வந்தவர்."